திருவள்ளூர் ஜீப்பை விற்ற கதை

பழைய வண்டி வாங்கி விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். விற்பனைக்கு வரும் வண்டியில் முதலில் எதைச் சோதிக்க வேண்டும் என்று. இன்ஜின் புகையை, சேஸிஸ் விரிசலை, டயரை என்று ஆளுக்கொரு பதிலை நீங்களே சொல்லியும் கொண்டீர்கள். அதையெல்லாம் உங்களைவிட நன்றாகப் பார்க்க மெக்கானிக் இருக்கிறார். நீங்கள் பார்க்க வேண்டியது, விற்கிறேன் என்று சொல்கிறவர் உண்மையிலேயே விற்கிறாரா என்பது. சிரிக்கிறீர்கள். நானும் இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு ஜீப் வந்து எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது.

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை ஏறிப்போய் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த சமயம். புதுவாயல் கூட்டு ரோட்டில் தகரக் கூரை போட்ட ஓர் இடத்தில் என் வியாபாரம் நடந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியிருந்ததால் பழைய லாரி, டெம்போ எல்லாவற்றுக்கும் ஆள் வந்தார்கள். பெட்ரோல் வண்டி என்றால் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம், பொன்னேரியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஒரு மாமி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தார். மடிசார் கட்டியிருந்தார். கையில் குடை. கடையில் நின்ற லாரிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"திருவள்ளூர்ல எங்காத்துக் கொட்டாய்ல ஒரு ஜீப் நிக்கறது. அதை எடுத்துண்டு போகணும்."

"விக்கணுமா மாமி?"

"விப்பியோ, யாருக்காவது தானம் பண்ணுவியோ, எனக்குத் தெரியாது. புரட்டாசி முடியறதுக்குள்ள அந்த இடம் காலியாகணும். தை மாசம் பிள்ளைக்குக் கல்யாணம். வர்ற பொண்ணுக்கு ஒரு ரூம் கட்டணும். கொத்தனார் செங்கல்லைக் கொண்டுவந்து தெருவுல அடுக்கிட்டான். ஜீப் போனாத்தான் அஸ்திவாரம்."

"முடியலேன்னா?"

"காயலான் கடைக்காரன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான். வெட்டி எடுத்துண்டு போறேங்கறான்."

மாமியின் பெயர் வேதவல்லி. கணவர் ரங்காச்சாரி, கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் முக்கியமானவர். ஊரில் எல்லோரும் அவரைச் சுவாமி என்றுதான் கூப்பிட்டார்கள்.

மறுநாளே பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போனேன். வண்டியைப் பார்த்ததும் இரண்டு தடவை சுற்றி வந்தேன். யுத்த காலத்து மிலிட்டரி ஜீப். இடது பக்க ஸ்டியரிங். நான்கு சக்கரமும் சேர்ந்து சுழலும் வகை. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் காட்டிலும் குவாரியிலும் அடிபட்டு உருக்குலைந்து வரும். இது பூஜை அறைப் பித்தளை மாதிரி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. முன் சீட்டில் ஒரு விசிறி, மடித்த செய்தித்தாள், மூக்குக் கண்ணாடிக் கூடு, தண்ணீர்க் கூஜா. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உங்கள் வயதில் கண் இப்படித்தான் வேலை செய்யும். வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பார்க்கும்; சீட்டின்மேல் இருப்பதைப் பார்க்காது.

சுவாமி ஒல்லியான, உயரமான மனிதர். மெதுவான பேச்சு. அவருடைய அத்திம்பேர், அதாவது அக்கா கணவர், பட்டணத்தில் கான்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தவர். வயதாகி வடக்கே மகனோடு போய்ச் சேர்ந்தபோது இந்த ஜீப்பை இவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவருக்கு ஓட்டத் தெரியாது. எப்போதாவது தெரிந்த டிரைவர் வந்தால் கோயில் குளம் வரை போய்த் திரும்புமாம்.

"வித்துடலாமா சுவாமி?" என்றேன்.

"பேஷா விக்கலாம். வெச்சுண்டு என்ன பண்றது?" என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்த ஓனரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதலில் ஆரம்பாக்கத்துப் பக்கமிருந்து ஒரு கல்குவாரி கான்ட்ராக்டரை அழைத்துப் போனேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். கையில் பணம் வைத்துக்கொண்டு வண்டி தேடிக்கொண்டிருந்தவர். சுவாமி அவருக்குக் காபி கொடுத்து உபசரித்து, "உங்களண்ட எதையும் மறைக்கப்படாது" என்று ஆரம்பித்தார். செகண்ட் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். மழை வந்தால் வைப்பரைக் கையால்தான் தள்ள வேண்டும். ஒருதடவை பிரேக் பிடிக்காமல் வண்டி குளத்துப் படியில் இறங்கித் தண்ணீர் ஓரம் வரை போய்விட்டது. பெருமாள் கிருபையால் நின்றது.

கான்ட்ராக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாமி, அன்னிக்கு பிரேக் புடிச்சது வண்டியா, பெருமாளா?"

சுவாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெருமாள்தான்" என்றார்.

வெளியே வந்ததும் கான்ட்ராக்டர் என் தோளில் கை போட்டார். "நைனா, டப்பு இருக்குது, இல்லேங்கல. ஆனா பெருமாளையும் சேத்துத் தருவாரான்னு கேட்டுக்கினு வா. இல்லாங்காட்டி நம்மளால ஆவாது."

அடுத்து ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு மணிலாக்கொட்டை வியாபாரி, வேர்க்கடலை மூட்டை பிடிப்பவர். இந்த முறை வண்டியின் குறைகளைப் பேச வேண்டாம் என்று சுவாமியிடம் முன்கூட்டியே கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவரும் சரியென்று குறையே பேசவில்லை. நிபந்தனை பேசினார். ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றக்கூடாது. இரவல் கொடுக்கக்கூடாது. மூட்டை ஏற்றக்கூடாது. வேறு நிறம் அடிக்கக்கூடாது. வெயிலில் நிறுத்தக்கூடாது. வியாபாரி நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். "பொண்ணு குடுக்கறவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்கபா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

இத்தனைக்கும் எனக்கு உறைக்கவில்லை. இந்த மனிதர் அளவுக்கு மீறி நேர்மையானவர், வண்டிமேல் பாசமானவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மாமி ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்து, "என்னப்பா, இவரும் ஓடிட்டாரா?" என்பார். தெருவில் செங்கல் அடுக்கு பாசி பிடிக்க ஆரம்பித்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் மாட்டு வண்டி திரும்ப வழியில்லை என்று தினம் சண்டைக்கு வந்தார். காயலான் கடைக்காரன் வேறு இரண்டு நாளைக்கு ஒருதடவை சைக்கிளில் அந்தப் பக்கம் வந்து, சாவு வீட்டில் நிற்பதுபோல் மௌனமாக நின்றுவிட்டுப் போனான்.

அப்போதுதான் கன்னியம்மா என் கடைக்கு வந்தார்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பம் அவருக்கு. கணவர் கடலுக்குப் போகிறவர். அவரும் அக்கம்பக்கத்தாரும் பிடித்து வரும் மீனைச் சேர்த்து, மீஞ்சூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலேற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவது கன்னியம்மாவின் வியாபாரம். கரைக்கும் ரோட்டுக்கும் நடுவே முழங்கால் புதையும் மணல். பெண்கள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு அதைக் கடந்து வருவதற்குள் ஐஸ் கரைந்துவிடும், ரயிலும் போய்விடும்.

"மணல்ல நிக்காத வண்டி இன்னா கீது உங்கிட்ட?" என்று கேட்டார். "ஒரு ஆபீஸரு ஜீப்ல வந்தாரு. நான் பாத்துக்கினே இருந்தேன், முன்சக்கரமும் சேந்து சுத்துது, ஜம்முனு போயிடுச்சு. அந்த மாரி ஒண்ணு ஓணும்."

"ஒண்ணு இருக்குதும்மா. ஆனா பெட்ரோல் வண்டி."

"டீசல் இன்ஜினா அப்புறம் மாத்திக்கினா போச்சு. எங்கண்ணன் ஒர்க் ஷாப்லதான் கீறான். வண்டி எங்க?"

திருவள்ளூருக்கு ஓடினேன். சுவாமி கொட்டாயில், ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பழவேற்காட்டிலிருந்து ஒரு பார்ட்டி என்றதும் பேப்பரை மடித்தார்.

"பழவேற்காடா? அப்போ முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். மச்ச மாம்சம் அதுல ஏத்தப்படாது. ஆத்துல ஒத்துக்க மாட்டா."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்த வண்டிக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே கிராக்கி மீன் வியாபாரி. அந்த வண்டியில் ஏற்றக்கூடாத ஒரே சரக்கு மீன். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கோயில் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம், ஆசாரம் பார்ப்பார்கள். புரட்டாசியோ பாதிக்குமேல் போய்விட்டது.

நம் தொழிலில் இப்படிப்பட்ட இடத்தில்தான் வாயில் ஒரு பொய் தானாக வந்து உட்காரும். எனக்கும் வந்தது. புதுவாயலுக்குத் திரும்பி, காத்திருந்த கன்னியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, "தேங்காய் வியாபாரம்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

கன்னியம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தேங்கா ஏத்திக்கினு போற வண்டி பின்னாடி ஊர்ப் பூனையெல்லாம் ஓடியாருமாண்ணா? நாளைக்கு அந்தச் சாமி ரோட்ல பாத்தா மூஞ்சிய எங்க வச்சிக்கிறது? அதெல்லாம் பேஜாரு. நீ என்னை இட்டுக்கினு போ. நான் பேசிக்கிறேன்."

எதிரெதிர் நிபந்தனை வைத்திருக்கும் இருவரை நேருக்கு நேர் உட்கார வைக்காதே, நடுவில் நின்று இருபக்கமும் பேசு என்பது தரகருக்கு முதல் பாடம். அன்று வேறு வழியில்லாமல் அதை மீறினேன். வழிநெடுகப் பெரியபாளையத்து அம்மனை வேண்டிக்கொண்டே போனேன்.

கன்னியம்மா குளித்து, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, தாம்பூலத் தட்டுக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சுவாமி கொட்டாயில் ஜீப் பக்கத்திலேயே நின்று வரவேற்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா திறந்துவிட்டார்.

"சாமி, எதுக்கு மறைக்கணும்? இதுல மீன்தான் ஏத்துவேன். நண்டு, எறா கிடைச்சா அதுவும் ஏத்துவேன். ஏத்தறதுக்கு வேற இன்னா கீது எங்கிட்ட?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுவாமி கோபப்படவில்லை. சங்கடமாகத் தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லேம்மா. ஆத்துலதான்..."

"ஆத்துல யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மாமி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கொட்டாய்க்கு வந்தார். "நான் எப்போ சொன்னேன்? வித்த வண்டியில அவா மீன் ஏத்தினா என்ன, மலையை ஏத்தினா என்ன? பெருமாளே முதல்ல மச்சமாத்தான் வந்தார். ஜீப்ல வந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

சுவாமி மேல்துண்டால் ஜீப்பின் முன்பக்கத்தைத் துடைத்தார். செகண்ட் கியர், பிரேக், நிபந்தனை எல்லாம் எனக்கு ஒரே சமயத்தில் விளங்கத் தொடங்கிய நேரம் அது. ஆனால் முழுசாக விளங்கியது எனக்கில்லை, கன்னியம்மாவுக்கு. அவர் இதற்குள் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன் சீட்டருகே நின்றிருந்தார். விசிறியைப் பார்த்தார். கூஜாவைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார். உள்ளே ஒரு வயதான அம்மாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில் பேசினார்கள், ஒரு குழந்தை அழுதது, ரேடியோ தனியாகப் பாடியது.

"அண்ணா" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "இவரு வண்டி விக்கல. இவரு ஊட்ட காலி பண்ணிக்கினு கீறாரு. அதான் மனசு வரல."

பிறகு மாமியின் பக்கம் திரும்பினார். "எங்கூட்டுக்காரும் இப்டித்தாம்மா. கரையில படவைக் கவுத்து வச்சிருப்பாங்க இல்ல, அதுக்கடியில போய் படுத்துக்குவாரு. கேட்டா வலை பாக்கறேம்பாரு. படவுக்கடியில இன்னா வலை கீது?"

மாமி கணவரைப் பார்த்தார். நான் அவர்கள் வீட்டுக்குப் போன இத்தனை நாளில், மாமி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது அன்றுதான்.

"நெஜமாவா? நீங்க இங்க வந்து ஒக்காந்துக்கறதுக்காகவா இவ்வளவும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

சுவாமி மெதுவாகச் சொன்னார். "சொன்னா நீயும் இங்க வந்து ஒக்காந்துப்பே."

அந்த இடத்தில் நான் ஏதாவது பேசியிருக்கலாம். சமாதானம், வேடிக்கை, விலை, எதுவாவது. பேசவில்லை. இதை மட்டும் நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் ரொம்ப நாளாகச் சொல்லாதது ஒன்று வெளியே வரும்போது தரகர் வாயை மூடிக்கொண்டு டயரைப் பார்க்க வேண்டும். நான் அந்த டயரை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தேன்.

மாமி சிரித்துவிட்டார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சுவாமியும் தப்பித்த முகத்தோடு லேசாகச் சிரித்தார்.

"வித்துடலாம்" என்றார் பிறகு, இந்த முறை வேறு குரலில். "கொழந்தை கல்யாணம் பெரிசு."

"நான் இன்னும் வாங்கறேன்னு சொல்லலியே சாமி" என்றார் கன்னியம்மா. "மணல்ல போவுதான்னு பாத்துட்டுத்தான் பேச்சு. இப்பவே வண்டிய எடுத்துக்கினு எங்கூரு வரைக்கும் போலாம்."

"நானும் வரட்டுமா?" என்றார் சுவாமி. கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல இதுல நான் குளம் தாண்டிப் போனதில்லை. சமுத்திரம் வரைக்கும் ஒருதடவை போயிட்டா..."

"அதுக்கின்னா சாமி, ஏறுங்க."

அவர் ஏறி உட்கார்ந்து, விசிறியைக் கையில் எடுத்து, காலை நீட்டிக்கொண்டார். முகத்தில் அப்படி ஓர் அமைதி. அப்போது மாமி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அடுப்பைப் பாத்துக்கோங்கோ. நானும் போயிட்டு வரேன்."

கடைசிப் பயணத்திலும் தனியாக விடமாட்டேன் என்கிறாளே என்று சுவாமி நினைத்திருப்பார். நீட்டிய காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.

இடது கையோரம் உட்கார்ந்து நான் ஓட்ட, வலது பக்கம் சுவாமி, பின்னால் மாமியும் கன்னியம்மாவும். பொன்னேரி தாண்டும்வரை பின்னாலிருந்து பேச்சு ஓயவில்லை. புளி கெடாமல் வைப்பதில் ஆரம்பித்து, கொத்தனார்களின் புரட்டு, மாமியார்கள் என்று வந்து, ஆம்பிளைகளில் நிலைத்தது. குப்பத்தை நெருங்கும்போது இருவரும் நெடுநாள் சிநேகிதிகளாகியிருந்தார்கள். சுவாமி கண்ணில் படும் ஒவ்வொரு பனைமரத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

தார் ரோடு முடிந்தது. மணல் ஆரம்பித்த கொஞ்ச தூரத்திலேயே ஜீப் உட்கார்ந்துவிட்டது.

இதற்குத்தான் இந்த வண்டி என்று சொல்லி விற்கிறேன், அதையே செய்யவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கத்தான் கால் துடித்தது. மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்ளும் என்பது தெரியும். ஆனால் வாங்குகிறவர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது கைகட்டி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவித்தால்தான் புரியும். இன்ஜினை அணைத்தேன். பெண்களை இறங்கச் சொன்னேன். முன்சக்கரத்தைச் சேர்க்கிற குட்டிக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கொடிக் கம்பம் மாதிரி நின்றது.

இதற்குள் குப்பத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. மட்டை போடலாம், கயிறு கட்டலாம், மாடு பூட்டலாம். கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் அடியிலிருந்து ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தார். "இதோ, வலை பாக்கறவரு வந்துட்டாரு" என்றார் கன்னியம்மா மாமியிடம். பிறகு என்னிடம் வந்தார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"இன்னாண்ணா, நீயும் நம்மள மாரி மணல்ல நின்னுட்ட? எனுக்கு எதுக்கு இது?"

காயலான் கடைக்காரனின் சைக்கிள் கண்முன் வந்து போனது. அப்போது பக்கத்திலிருந்து சுவாமி, ஏதோ அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிறவர் மாதிரி தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அதை அப்படி இழுக்கப்படாது. முன்னாடி கொஞ்சம் தள்ளிட்டு, ஒரு ஆட்டு ஆட்டி, அப்புறம் பின்னாடி விடணும். அப்புறமாத்தான் பக்கத்துல இருக்கற இன்னொரு கம்பி."

"ஓட்டத் தெரியாதுன்னீங்களே சுவாமி?"

"தெரியாது. தினம் ஒக்காந்துண்டு இருக்கறச்சே கை சும்மா இருக்குமோ? இதையெல்லாம் ஆட்டிண்டே இருப்பேன்." பின்னால் ஒருமுறை திரும்பி, மாமி காதில் விழாத தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். "நின்ன இடத்துலயே ரொம்ப தூரம் போயிருக்கேன்."

அவரே கையை வைத்தார். தள்ளினார், ஆட்டினார், விட்டார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கம்பி இறங்கியது. ஓடாமல் நின்ற வண்டியில் துருப்பிடித்துச் செத்திருக்க வேண்டிய கம்பி, அவர் கைவிளையாட்டில் உயிரோடு இருந்திருக்கிறது. இன்ஜினைக் கிளப்பி, கிளட்சை மெல்ல விட்டேன். நான்கு சக்கரமும் மணலைப் பற்றின. ஜீப் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மேலே ஏறி, மேட்டைத் தாண்டி, நேராக அலையோரம் போய் நின்றது. பின்னால் குப்பமே விசிலடித்தது.

சுவாமி கடலைப் பார்த்துக் கைகூப்பினார். கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. நான் இன்ஜினை அணைக்கவில்லை. மணலில் மறுபடி நின்றால் என் மானம் போய்விடும். தூரத்தில் மாமியும் கன்னியம்மாவும் எங்களை நோக்கி நடந்து வருவதைச் சுவாமி கண்ணாடியில் பார்த்தார் போலிருக்கிறது. என் பக்கம் சாய்ந்தார்.

"அவா வந்து ஏறிக்கறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு சுத்து போலாமா?"

போனோம்.

விலை பேசியதை நான் விவரிக்கப்போவதில்லை. பேசியது மாமியும் கன்னியம்மாவும். நான் குறுக்கே போகவில்லை, போயிருந்தாலும் என்னை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். இருவருக்கும் திருப்தி. சுவாமியும் மாமியும் அன்று மாலை பஸ்ஸில் திருவள்ளூர் திரும்பினார்கள். மறுநாள் கொத்தனார் கடைக்கால் தோண்டினான். தையில் கல்யாணம் நடந்தது, எனக்கும் பத்திரிகை வந்தது, நானும் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு மாசி முடிகிற சமயம், மாமி மறுபடியும் குடையோடு என் கடையில் வந்து இறங்கினார். முகம் சரியில்லை.

"ஏம்ப்பா, எங்காத்துக்காரர் மாசம் ஒருதடவை காலம்பறவே பஸ் ஏறி பழவேற்காடு போறார். சாயங்காலந்தான் வரார். கேட்டா, வண்டி வித்தவா ஒரு வருஷத்துக்கு மாசா மாசம் போய்ப் பாத்துட்டு வரணும்னு நீதான் சொல்லியிருக்கேங்கறார். அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர் அங்கே என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். கன்னியம்மாதான் ஒருதடவை ரயிலடியில் பார்த்தபோது சொல்லியிருந்தார். காலைச் சரக்கு போனதும் ஜீப்பைக் கழுவிக் காற்றோட்டமாகக் கரையில் நிறுத்திவிடுவார்களாம். சுவாமி அதில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிப்பாராம். பக்கத்து சீட்டில் கன்னியம்மாவின் கணவர். நாள் முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்களாம்.

பொய் சொல்லி வண்டி விற்காதே என்று உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த வண்டி எப்போதோ விற்றாகிவிட்டது.

"ஆமாம் மாமி" என்றேன். "எல்லா வண்டிக்கும் கிடையாது. பழைய மிலிட்டரி ஜீப்புக்கு மட்டும் அப்படி ஒரு வழக்கம்."

மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் கண் இமைக்கவில்லை.

"ஒரு வருஷம்தானா?"

"வர்ற புரட்டாசியோட சரி மாமி."

மாமி குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதை ரெண்டு வருஷமாக்க முடியுமான்னு பாரேன். அவர் போற அன்னிக்குத்தான் ஆத்துல யாரும் காபி கேக்காம, நான் ஊஞ்சல்ல செத்த நேரம் காலை நீட்டிண்டு படுத்துக்கறேன்."